எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள்

வலது மணிக்கட்டின் புறப்பக்கம், சரியாக நடுவில் வலி. சிங்கப்பூரின் ஊபி வட்டாரத்தில் வாகனப் பட்டறை வேலை எனக்கு. ஸ்பேனரை இறுக்கினால் பிடி நழுவும். வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "எலும்பு நன்றாக இருக்கிறது, சுளுக்குதான்" என்றார்கள். வலி குறையாமல் திரும்பப் போனால் அதே பதில், அதே மாத்திரை. நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது.

வந்திருந்தது கீன்பாக் நோய். மணிக்கட்டு நடுவில் இருக்கும் லூனேட் என்கிற குட்டி எலும்புக்கு ரத்த ஓட்டம் நின்று அது மெல்லச் செத்துக்கொண்டிருந்தது. 1910ல் வியன்னா மருத்துவர் ராபர்ட் கீன்பாக் விவரித்த நோய் இது. முதல் நிலையில் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐதான் காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தில் வலியும் பிடிப்பலமும் சரியாகவில்லை என்றால் ஸ்கேன் வேண்டுமா என்று விடாமல் கேளுங்கள்.

பாலிகிளினிக் என்கிற அரசு மருந்தகத்தின் கடிதத்தோடு போனால்தான் நிபுணரிடம் மானியக் கட்டணம். அது சுலபமாகக் கிடைத்தது. ஆனால் தனியாரிடம் எடுத்த ஸ்கேனுக்கு அறிக்கை மட்டும் கையில் இருந்தது. "படம் இல்லாமல் டாக்டர் எதை வைத்து முடிவு செய்வார்?" என்று கவுண்டரில் கேட்டார்கள். அரை நாள் சம்பளம் போச்சு. ஸ்கேன் எடுத்த அன்றே சிடியையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

எக்ஸ்ரேயும் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, உள்ளங்கையைத் தட்டையாக வைத்து எடுக்கணும். கை திரும்பியிருந்தால் முன்கையின் இரண்டு எலும்புகளுக்கும் உள்ள நீள வித்தியாசம் தப்பாகத் தெரியும். என்ன அறுவை என்பதையே அந்தச் சில மில்லிமீட்டர்தான் தீர்மானிக்கிறது. எனக்கு அல்னா, அதாவது சுண்டுவிரல் பக்கத்து எலும்பு, குட்டை. அதனால் கட்டைவிரல் பக்கத்து எலும்பான ரேடியஸைக் கொஞ்சம் வெட்டிக் குறைத்து, பிளேட்டும் திருகும் வைத்தார்கள். லூனேட் மேல் விழும் பளு அதனால் குறையுமாம். அறுவையும், மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவ் படிவமும் சிக்கலில்லாமல் முடிந்தன.

அப்புறம்தான் கம்பெனியோடு இழுபறி. டாக்டர் தந்த விடுப்புச் சான்றிதழான எம்சியைச் சாதாரண மருத்துவ விடுப்பில் கழித்துவிட்டார்கள். சட்டப்படி அது 14 நாள், மருத்துவமனை விடுப்போ அதையும் சேர்த்து 60 நாள் வரை. ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு முழு உரிமை. எம்சியில் 'மருத்துவமனை விடுப்பு' என்று இருப்பதைக் காட்டித்தான் சம்பளத்தை மீட்டேன்.

போன வாரம் பிடிப்பலம் அளக்கும் கருவியில் முள் நன்றாக ஏறியதும் தெரபிஸ்ட் அக்கா கைதட்டினார். ஆனாலும் கனம் தூக்க இன்னும் அனுமதி இல்லை. வேலைக்குத் திரும்பும்முன் லைட் டியூட்டி (இலகுவான வேலை) கடிதத்தை நீங்களே கேட்டு வாங்குங்கள். நான் கேட்ட பிறகுதான் எழுதித் தந்தார்கள்.