இருபத்தெட்டு அங்குலச் சில்லு

எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றில் பன்னிரண்டு அடி நீளத்துக்கு யாழ்ப்பாணம் றெயில் ஸ்ரேசனின் மாதிரி கிடக்கிறது. ஐந்து குளிர்காலம் போய்விட்டது, இன்னும் முடியவில்லை. உடுப்புக் காயப்போடும் இடத்தைப் பிடித்துவிட்டேன் என்று மனைவிக்குக் கோபம்.

பழைய மாணவர் சங்க மலர்க் குழுவில் இருக்கும் தம்பி, "அண்ணை, பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதித் தாங்கோ" என்றுதான் கேட்டார். நான் ஸ்ரேசனைப் பற்றி எழுதுகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் விடுதியில் இருந்த எங்களுக்குப் பள்ளிக்கூடம் அங்கேதான் தொடங்கியது. தவணை தொடங்குவதற்கு முதல் நாள் பளை, பரந்தன், கிளிநொச்சிப் பெடியன்கள் எல்லாம் தகரப்பெட்டியோடு வந்து இறங்குவோம். ஊரில் அப்பாச்சி கடைசிவரை றெயிலைக் 'கோச்சி' என்றுதான் சொன்னா.

இப்போதுள்ள ஸ்ரேசனைச் செய்வது சுலபம். 2014 ஒக்ரோபரில் திறந்தது. ஊருக்குப் போகிற யாரிடமும் ஒரு அளவு நாடாவைக் கொடுத்துவிட்டால் போதும். நான் செய்வது 1982 இல் இருந்தது. 1990 ஜூனோடு றெயில் நின்றது, அதன் பிறகு கட்டடமும் சிதைந்தது. சமாதான காலத்தில் போனவர்கள் எடுத்த படங்கள் என்னிடம் முப்பதுக்கு மேல் உண்டு. கூரை இல்லை, சுவர் முழுக்க ஓட்டை, உள்ளே பற்றை. தண்டவாளமும் அதைத் தாங்கும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்கு, அதுதான் பதுங்குகுழிக்கு, போய்விட்டன.

இதில் ஒரு சிக்கல். மாதிரி செய்கிறவர்கள் பழைய படத்திலிருந்து அளவெடுப்பது தண்டவாளத்தை வைத்துத்தான். எங்கள் பாதையின் அகலம் ஐந்தரை அடி. அது படத்தில் தெரிந்தால் பக்கத்தில் உள்ளதைக் கணக்குப் போடலாம். பிடுங்கிக்கொண்டு போன தண்டவாளத்தை வைத்து எதை அளப்பது?

முதலில் ஞாபகத்தை நம்பித் தூண்களைச் செய்தேன். பார்க்க ஏதோ கோயில் மண்டபம் மாதிரி வந்தது. அப்போதுதான் தொழில்நுட்ப வரைதல் படிப்பித்த சேர் நினைவுக்கு வந்தார். எங்கள் மண்டபத்தை அளந்து ஐம்பதில் ஒன்றாக வரையச் சொன்னார். நான் அளக்கப் பஞ்சிப்பட்டு, கண்மட்டத்தில் கீறிக்கொண்டு போனேன். அடிமட்டத்தை வாசலில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த வாசலாலை ஆர் போறது, ஆடோ?" என்றார். நாலடி வாசல். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அந்தத் தவணை முடியும்வரை எனக்கு 'ஆட்டுக்கொட்டில்' என்று பெயர். இதை வாசிக்கும் இரண்டு பேராவது இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

பிறகு லண்டனில் இருக்கும் வகுப்புத் தோழன் ஒருவன் ஒரு படம் அனுப்பினான். அவனுடைய அண்ணன் கொழும்புக்கு வேலைக்குப் போன நாள். குடும்பம் வரிசையாக நிற்கிறது, ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. ஓரத்தில், மேடைத் தூணில் சாத்திவைத்தபடி ஒரு சைக்கிள். அவனைக் கூப்பிட்டு, "மச்சான், அது ஆற்றை சைக்கிள்?" என்று கேட்டேன். "அப்பாவின்ரை ரலி. ஏன்ரா?" என்றான். ரலி என்றால் இருபத்தெட்டு அங்குலச் சில்லு. படத்தில் சில்லு 6 மில்லிமீட்டர், தூண் 34. கணக்குப் போட்டால் தூண் பதின்மூன்று அடிக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. என்னுடைய அளவு 87 இல் ஒன்று. ஆக, 46 மில்லிமீட்டர். முதலில் செய்தவை 70. எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினேன். பதினொரு வயதில் நிமிர்ந்து பார்த்த தூண் அப்படித்தான் வளர்ந்திருக்கும் போல.

தண்டவாளம் இன்னொரு கதை. இங்கே கனடாவில் கடையில் வாங்கும் மாதிரித் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அது வட அமெரிக்கப் பாதைக்குச் சரி; ஐந்தரை அடிக்கு 19.25 வேண்டும். மூன்று மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை, யாருக்குத் தெரியப்போகிறது என்று மகன் கேட்டான். எனக்குத் தெரியுமே. செப்புத் தகடு ஒட்டிய கீற்றுகளை வெட்டிச் சிலிப்பர் கட்டையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் தண்டவாளத்தைப் பற்றாசு வைத்து ஒட்டினேன். ஒரு மாலைக்கு ஒரு சாண் நகரும். முதல் குளிர்காலத்தில் ஹீற்றர் போட்டதும் காற்று வறண்டு அடிப்பலகை நெளிந்தது, ஆறு அடிப் பாதை பாம்பாகிவிட்டது. பலகைக்கு அடியிலும் வண்ணம் பூசியிருக்க வேண்டும். பூசவில்லை. என் பிழை.

எஞ்சினைத் தேடப் போய்த்தான் ஒன்று தெரியவந்தது. எங்கள் கொழும்பு றெயிலான யாழ்தேவி 1956 இல் ஓடத் தொடங்கியது. எங்கள் காலத்தில் அந்தப் பாதையில் ஓடிய எம்2 எஞ்சின்கள் ஒன்ராறியோ மாகாணத்து லண்டனில், ஜெனரல் மோட்டர்ஸ் தொழிற்சாலையில் செய்தவை. கொழும்புத் திட்டம் என்ற வெளிநாட்டு உதவித் திட்டத்தில் கனடா கொடுத்தது. அதனால் ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான் என்று மாகாணப் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். நான் வேலைக்காக மாதம் ஒருமுறை 401 நெடுஞ்சாலையில் அந்த லண்டனுக்குப் போய்வந்திருக்கிறேன், இருபது வருடம் இது தெரியாமல். சின்ன வயதில் எஞ்சினில் பெயர் வாசித்த ஞாபகமே இல்லை. எஞ்சின் என்றால் எங்களுக்குச் சத்தமும், கால் வழியாக ஏறும் நடுக்கமும்தான்.

பெயர்ப்பலகையில் 'யாழ்ப்பாணம்' என்ற எழுத்துகள் இரண்டு மில்லிமீட்டர் உயரம். அச்சடித்துப் பார்த்தால் மூன்று குற்றுகளும் காணாமல் போயின. கடைசியில் ஊசிமுனையில் கறுப்பு வண்ணம் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நானே வைத்தேன். 'ழ்' மேல் உள்ளது கொஞ்சம் பெரிது. பூதக்கண்ணாடி கேட்பவர்களுக்கு அதைக் காட்டுவதில்லை.

இப்போது சைக்கிள்கள் செய்துகொண்டிருக்கிறேன். சில்லு 8 மில்லிமீட்டர், கம்பி மெல்லிய செப்பு இழை. ஒன்றுக்கு இரண்டு மாலை போகிறது. வாசல் பக்கம் நாற்பதாவது நிறுத்த வேண்டும், பதினொன்று ஆகியிருக்கின்றன. ரலியைத்தான் முதலில் செய்து தூணில் சாத்தினேன்.

ஒரு உதவி. தேத்தண்ணிக் கடை ரிக்கற் கவுண்டருக்கு எந்தப் பக்கம் இருந்தது? இடப்பக்கம் என்கிறான் லண்டன்காரன். வலப்பக்கம் என்று மொன்றியலில் இருக்கும் அண்ணர் சத்தியம் பண்ணுகிறார். இரண்டு பேரும் அங்கே கடன் வைத்தவர்கள், ஆகவே இரண்டு பேரையும் நம்ப வேண்டியிருக்கிறது. யாரிடமாவது படம் இருந்தால் சங்கச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். கடை செய்தாயிற்று. இன்னும் ஒட்டவில்லை.