அறுகம்பை மணலில் ஒரு பனிச்சரிவுத் தேடல்

சுவிஸில் இருந்து லீவுக்கு வருகிற ஆட்கள் சொக்லேட் கொண்டுவருவார்கள், சென்ட் போத்தல் கொண்டுவருவார்கள். என் மச்சான் இந்தமுறை பனிச்சரிவில் புதைந்துபோன ஆளைத் தேடிப் பிடிக்கும் கருவி இரண்டைக் கொண்டுவந்தான். அதுவும் ஆடி மாதத்தில், கச்சான் காற்று அனலாய் அடித்து மட்டக்களப்பில் ஒருத்தரும் பகலில் வெளியே தலைகாட்டாத நேரத்தில். புதுசு வாங்கிவிட்டானாம், பழசை எறிய மனம் வரவில்லையாம், மருமக்கள் வைத்து விளையாடட்டும் என்று பையில் போட்டுக்கொண்டு வந்தானாம். மாமிக்கு அந்தச் சாமானைக் கண்டாலே பிடிக்கவில்லை. "காசையும் குடுத்து, குளிருக்குள்ள சாகவும் போறான்" என்பது அவனுடைய பொழுதுபோக்கைப் பற்றி மாமி வருசக்கணக்காகச் சொல்லிவரும் தீர்ப்பு.

அந்தப் பொழுதுபோக்கின் பெயர் ஸ்ப்ளிட்போர்டிங். எனக்கும் சரியாக விளங்கியதில்லை, இந்த முறை பொத்துவில் வரைக்கும் வான் வண்டியில் ஒன்றாகப் போனபோதுதான் முழுக் கதையும் கேட்டேன். பனியில் சறுக்கும் ஸ்னோபோர்ட் தெரியும்தானே, இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் நின்று இறங்குவது. சறுக்குமைதானங்களில் மேலே போக கேபிள் கார் இருக்கும், ஏறி உட்கார்ந்தால் போதும். கேபிள் இல்லாத, ஆள் அரவம் இல்லாத மலைக்குப் போக வேண்டுமென்றால்? ஸ்னோபோர்டோடு நடக்க முடியாது, பனிக்குள் இடுப்பு வரைக்கும் புதைந்துபோவீர்கள். அதனால் அந்தப் பலகையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து வைத்திருக்கிறார்கள். ஏறும்போது ஆளுக்கு இரண்டு பலகை, காலுக்கு ஒன்று, குதி மட்டும் தூக்கத் தூக்க மேலே எழும்பும். அடியில் 'ஸ்கின்' என்று ஒரு பட்டி ஒட்டுவார்கள், ஒரு காலத்தில் உண்மையாகவே கடல்நாய்த் தோல், இப்போது மொஹேர் அல்லது நைலோன். அதன் மயிர் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால் முன்னுக்குத் தள்ளினால் வழுக்கும், பின்னுக்கு வழுக்காது. மணிக்கணக்காக வளைந்து வளைந்து ஏறி, உச்சியில் ஸ்கின்னை உரித்து மடித்து சட்டைக்குள் வைத்துவிட்டு (குளிரில் பசை செத்துப்போகுமாம்), இரண்டு பாதியையும் கொளுவி ஒன்றாக்கி, அப்புறம்தான் இறக்கம். மூன்று நாலு மணி நேரம் ஏறினால் இறங்குவதற்கு கால் மணி நேரம்கூட எடுக்காத நாட்களும் உண்டு.

இதில் எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒன்று இருக்கிறது. ஸ்னோபோர்டின் தொடக்கமே 1965இல் அமெரிக்காவின் மிச்சிகனில், ஷெர்மன் பொப்பன் என்ற பொறியியலாளர் தன் மகள்மாருக்கு விளையாட இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்ததில்தான் இருக்கிறது. கடலில் அலை ஏறுகிற மாதிரி பனியில் நிற்க வேண்டும் என்பதுதான் அங்கே யோசனை. அப்படிச் சேர்த்த பலகையை 1990களில் யூட்டா மாநிலத்து வொய்லே நிறுவனம் திரும்பப் பிளக்க வழி செய்தது. தொடக்கத்தில் சாமான் பெட்டியாக விற்றார்கள், நல்ல பலகையை நீங்களே வாளால் அறுத்து கம்பியும் தகடும் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான்!

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. கல்லடிப் பாலம், காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று ஊர் முடிவதும் தொடங்குவதும் தெரியாமல் போகும், கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் மாறி மாறிக் கேட்கும். திருக்கோவில் தாண்டினால்தான் வெளி. ஒலுவிலில் துறைமுகம் கட்டிய பிறகு கடல் எவ்வளவு கரையை அரித்துக்கொண்டு போனது என்று டிரைவர் சொல்லிக்கொண்டே வந்தார். அதைத் தனியாக எழுத வேண்டும், இங்கே இடமில்லை.

பொத்துவிலை ஒட்டிய சர்ஃப் கடற்கரையான அறுகம்பையைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று, நான் காற்றை மட்டும் சொல்கிறேன். சித்திரை தொடக்கம் புரட்டாசி வரை தெற்கே, அந்தார்ட்டிக்காவுக்கு மேலே இருக்கிற பெருங்கடலில் அடிக்கும் புயல்கள் கிளப்பும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வந்து இந்த முனையில் வளைந்து உடைகின்றன. அதே மாதங்களில் தென்மேற்குக் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. நம் வயலையும் முற்றத்தையும் காயவைக்கிற அந்தக் காற்றுதான் அலையின் முகத்தைத் தடவி நிமிர்த்தி, உடைய விடாமல் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கிறது. காலையில் மெயின் பாயிண்ட் என்கிற அந்த முனையில் நின்று பார்த்தால் அலையின் உச்சியிலிருந்து தண்ணீர்த்தூள் பின்னுக்குப் பறப்பது தெரியும். மச்சான் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு மலையிலும் காற்றைத்தான் முதலில் பார்ப்போம் என்றான். காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கச் சரிவில் கொட்டும், கொட்டிய இடம் பார்க்க மெத்தென்று அழகாக இருக்கும், ஆள் ஏறினால் மொத்தமாகப் பிளந்து கீழே வரும். அடியில் சீனி மாதிரிப் பொலபொலவென்று ஒரு பழைய படை கிடந்தால் இன்னும் மோசம். முப்பது பாகைக்கு மேல் சரிந்த இடங்களில்தான் இது பெரும்பாலும் நடக்குமாம், சறுக்க ருசியாக இருப்பதும் அதே சரிவுகள்தான் என்பது பெரிய கரைச்சல்.

சரி, கருவிக்கு வருகிறேன். மத்தியானம் கடல் குழம்பிவிட்டதால் எல்லோரும் படகுகள் இழுத்து வைத்திருக்கிற நிழலில் கிடந்தோம். மச்சான் ஒரு கருவியை பொலித்தீன் பையில் சுற்றி மணலுக்குள் முழங்கை ஆழத்தில் புதைத்து, கால் தடத்தை எல்லாம் அழித்துவிட்டு, மற்றதை என் மருமகன் கையில் கொடுத்தான். புதைந்தது 457 கிலோஹேர்ட்ஸில் துடித்துக்கொண்டே இருக்கும். எந்தக் கம்பனி செய்தாலும் இதே அலைவரிசைதான், யாருடைய கருவியும் யாரையும் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக. கையில் இருப்பதில் ஒரு அம்புக்குறியும், இன்னும் எத்தனை மீட்டர் என்று ஒரு எண்ணும் தெரியும். மருமகன் அம்பு காட்டிய பக்கம் ஓடினான். எண் 32, 27, 19 என்று இறங்கியது, ஒரு இடத்தில் திரும்பவும் ஏறியது. அம்பு நேராகக் காட்டாது, காந்தப்புலக் கோட்டின் வளைவில்தான் கூட்டிக்கொண்டு போகும், அதை நம்பி வளைந்தே ஓடு என்று மச்சான் கத்தினான். மூன்றுக்குக் கீழே வந்ததும் ஓட்டத்தை நிறுத்தி, கருவியை மணலோடு ஒட்டிப் பிடித்து முன்னும் பின்னும், பிறகு குறுக்காக. எண் ஆகக் குறைந்த இடத்தில் தடியால் குத்த வேண்டும். தடிக்கு ஒரு சவுக்குக் கொம்பு. அந்த இடத்திலிருந்து சுருளாக வெளியே நகர்ந்து, ஒரு சாண் இடைவெளியில் குத்திக்கொண்டே போய், 'டொக்'.

அதற்குள் சர்ஃப் பழக்குகிற பையன்கள், வெள்ளைக்காரப் பிள்ளைகள், மீன் விற்றுவிட்டு வந்தவர்கள் என்று ஒரு கூட்டம். எல்லாருக்கும் ஒவ்வொரு முறை வேண்டும். போர்ட் வாடகைக்கு விடுகிற காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றார்.

"ஏன் தம்பி, இதப் போர்ட்ல கட்டி வெச்சா களவு போனாக் கண்டுபிடிக்கலாமா?"

"கண்டுபிடிக்கலாம் காக்கா, களவெடுத்தவன் ஐம்பது மீட்டருக்குள்ள நிண்டா."

காக்கா அதோடு அந்த வியாபாரத்தை விட்டுவிட்டார். ஆனால் அடுத்ததாகக் கேட்டதுதான் சரியான கேள்வி: "கண்டுபிடிச்சிட்டா மறுகா ஆரு தோண்டுற?"

கூட வந்தவன்தான். வேறு யாருமில்லை. சரிந்து வந்த பனி நின்ற கணமே இறுகிவிடும், உள்ளே கிடப்பவனால் விரலைக்கூட அசைக்க முடியாது. முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலானவர்கள் பிழைக்கிறார்கள், அரை மணி நேரம் கடந்தால் அந்த வாய்ப்பு மளமளவென்று விழுந்துவிடும். சுவிஸின் மீட்பு ஹெலிகொப்டர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வந்தாலும் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் வருவது அபூர்வம். ஆகவே கருவி, மடக்குத் தடி, மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும், இல்லாதவனைக் கூட்டிக்கொண்டு போகமாட்டார்கள். என்னுடைய மண்வெட்டி என்னைக் காப்பாற்றாது, உன்னைத்தான் காப்பாற்றும் என்றான் மச்சான். இந்த மலைக்காரர்கள் ஏன் ஒருத்தரோடு ஒருத்தர் இவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நட்பு, பாசம் எல்லாம் பிறகு, முதலில் தோண்டத் தெரிந்த ஆள் வேண்டும்.

குளிர்காலம் வந்தால் இவர்களுடைய பின்னேரம் ஐந்து மணிக்குத் தொடங்குகிறது. டாவோஸில் உள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் அந்நேரம்தான் அறிக்கை விடும். ஆபத்து ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும், எந்தத் திசைச் சரிவு, எந்த உயரத்துக்கு மேலே என்று எல்லாம் இருக்கும். அதை வைத்துக்கொண்டு வாக்குவாதம். விடிய முதலே கிளம்பி, வெயில் ஏறிப் பனி இளகுவதற்குள் இறங்கிவிட வேண்டும். மலையில் யாராவது ஒருத்தர், நேற்றுச் சேர்ந்தவராக இருந்தாலும், "எனக்குச் சரியாகப் படவில்லை" என்று சொன்னால் மொத்தக் கூட்டமும் திரும்பிவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. மச்சானுடைய கூட்டத்தில் அதுதான் சட்டம். நம்மூரில் கல்யாண வீட்டுப் பந்தல் போடும்போதுகூட இந்தச் சட்டம் கிடையாது.

இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. 1863இல் தொடங்கிய சுவிஸ் அல்பைன் கழகத்துக்கு மலையெல்லாம் குடிசைகள் உண்டு. ஆள் இல்லாத குளிர்காலத்திலும் பல குடிசைகளில் ஒரு அறையைப் பூட்டாமல் விட்டிருப்பார்கள், விறகு, அடுப்பு, போர்வையோடு. தங்குகிறவர் கணக்கைத் தானே எழுதி, காசைத் தானே கட்டிவிட்டு, விறகைக் கொத்தி அடுக்கிவிட்டுப் போக வேண்டும். காக்காவிடம் இதைச் சொன்னபோது "இஞ்ச விறகும் மிஞ்சா, அடுப்பும் மிஞ்சா" என்றார்.

அதற்காக மலைக்காரர்கள் எல்லாம் புனிதர்கள் என்று நினைக்க வேண்டாம். நல்ல சரிவை யாரும் சும்மா சொல்லித்தரமாட்டார்களாம், தடம் படாத பனி ஒரு நாளைக்கு ஒரு முறைதான் கிடைக்கும். இரட்டைக் கட்டையில் வருகிற ஸ்கீ ஆட்களுக்கு ஸ்ப்ளிட்போர்ட் ஆட்களைக் கண்டால் நக்கல், உச்சியில் பலகையைப் பொருத்தி முடிக்கும் வரை குளிரில் காத்து நிற்க வேண்டுமே. சமதரை வந்துவிட்டால் ஸ்கீக்காரன் தள்ளிக்கொண்டு போய்விடுவான், இவன் பலகையைக் கழற்றி நடந்து சாக வேண்டும்.

ஆனாலும் கடலில் கொஞ்சம் கூடுதலாகவே முறைக்கிறார்கள் என்று நான் சொல்வேன். மெயின் பாயிண்டில் ஆட்கள் குவிந்த காலையில் போய்ப் பாருங்கள். அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு யார் கிட்ட இருக்கிறாரோ அவருக்குத்தான் அந்த அலை, குறுக்கே நுழைந்தால் ஏச்சு விழும். மலையில் அடுத்தவன் உயிரோடு பக்கத்தில் இருப்பது உனக்குத் தேவை, இங்கே அடுத்தவன் இல்லாவிட்டால் உனக்கு இன்னொரு அலை. இந்த வித்தியாசத்தை மச்சான் ஏற்றுக்கொள்ளவில்லை, வான் ஏறும் வரைக்கும் தர்க்கப்பட்டான். அவன் கட்சிக்கு ஆதாரமாக, புதிதாகப் பழகுகிறவர்கள் போகும் பேபி பாயிண்டைக் காட்டினான். அங்கே பெண்பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துத் தள்ளி அலையில் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார்கள், விழுந்தால் சிரிப்பு, எழும்பினால் கூச்சல். 2018இல் இங்கே பெண்களுக்கென்று ஒரு சர்ஃப் கழகம் தொடங்கியபோது வீடு வீடாக எவ்வளவு கதை எழும்பியிருக்கும் என்று இந்தக் கரையைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரி, அவன் சொன்னதிலும் பாதி நியாயம் இருந்தது.

அடுத்த நாள் பாணமை வழியாக உகந்தைக்குப் போனோம். முருகன் கோயிலுக்குப் பக்கத்திலேயே நல்ல அலை உண்டு, போர்டோடு வந்த இரண்டு பேர் கோயிலடியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். கதிர்காமப் பாதயாத்திரைக்காரர்கள் இங்கேயிருந்துதான் குமண, யால காட்டுக்குள் இறங்குவார்கள், தண்ணீர்க் கான், அரிசி, சட்டியோடு, கூட்டம் கூட்டமாக. யானைக் காடு, தனியாக யாரும் போவதில்லை. கூட்டத்தில் வயதான ஆச்சி ஒருத்தர் இருந்தால் ஆச்சியின் நடைதான் எல்லாருடைய நடையும். மச்சான் பனியில் அதைச் செய்யக் கற்றுக்கொள்ளத் தங்களுக்கு வகுப்பு வைக்கிறார்கள் என்றான்.

போக நினைக்கிறவர்களுக்கு: மட்டக்களப்பிலிருந்து பஸ் உண்டு, நேரடிப் பஸ் கிடைக்காவிட்டால் கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ மாறலாம். புதிதாகப் பழகுகிறவர்கள் மெயின் பாயிண்டை விட்டுவிட்டு பேபி பாயிண்டுக்கோ விஸ்கி பாயிண்டுக்கோ போங்கள், மெயின் பாயிண்டில் அடியில் பாறை, விழுந்தால் காலும் முதுகும் கிழியும். பாணமைப் பாதையில் மைம்மலுக்குப் பிறகு மோட்டார் சைக்கிள் ஓட வேண்டாம், யானை றோட்டுக்கு வரும். ஐப்பசிக்குப் பிறகு காற்று மாறிவிடும், மழையும் பிடித்துவிடும், பாதிக் கடை பூட்டியிருக்கும்.