சமன்பாட்டின் வலப்பக்கம்

உயர்தர இரசாயனவியல் வகுப்பில் சல்பைட்டுத் தாதை, அதாவது கந்தகம் சேர்ந்த தாதை, வறுக்கும் சமன்பாட்டை எழுதி, கந்தகவீரொட்சைட்டுக்குப் (SO₂) பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போடப் பழக்கினார்கள். வாயு வெளியேறுகிறது என்று அர்த்தம். அது எங்கே போகிறது என்று எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை. தாதிலிருந்து உலோகம் எடுக்கும் உருக்காலைக்கு அருகில் குடியிருக்கும் சனங்களுக்கோ பாடமே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எவ்வளவு வாயு என்று அறிய நாம் படித்த கணக்கே போதும். சல்கோபைரைற்று என்ற செம்புத் தாதில் ஒரு செம்பு அணுவுக்கு இரண்டு கந்தக அணு. ஆகவே ஒரு தொன் செம்பு எடுத்தால் ஏறத்தாழ 2 தொன் கந்தகவீரொட்சைட்டு கூடவே வரும். அதைப் பிடித்து, அமிலமாக மாற்றும் தொடுகை முறைக்கு அனுப்பினால் 3 தொன் சல்பூரிக்கமிலம். ஆலை சீராக ஓடும்போது வாயுவின் பெரும்பகுதி இப்படி அடங்கிவிடும். ஆலையை நிறுத்தி மறுபடி தொடக்கும்போதுதான் ஆபத்து. அந்த மாற்றத்தை நடத்தும் வனேடியம் ஊக்கிப் படுக்கை 400 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறாமல் வேலை செய்யாது. அதற்கு முன் உலை வாயுவை உள்ளே விட்டால், உள்ளே போனபடியே வெளியே வரும். ஊரில் கண் எரிவதும் மூச்சு முட்டுவதும் பல தடவை அந்தச் சில மணித்தியாலங்களில்தான். 24 மணிநேரச் சராசரியைப் பார்த்தால் அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 24 மணிநேரத்துக்குக் கன மீற்றருக்கு 40 மைக்ரோகிராம், 10 நிமிடத்துக்கு 500 மைக்ரோகிராம் என்று இரண்டு வழிகாட்டல் அளவுகளை வைத்திருக்கிறது. ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சு முட்டுவதற்குப் பத்து நிமிடமே போதும். அளவீட்டு அறிக்கை கைக்கு வந்தால் முதலில் அந்த 10 நிமிட எண்ணைக் கேளுங்கள்.

புகைபோக்கியை உயர்த்தினால் தீரும் என்பது பழைய நம்பிக்கை. கனடாவின் ட்ரெயில் உருக்காலை 1920களில் 409 அடி உயரத்தில் புகைபோக்கிகளைக் கட்டியது. வாயு எல்லை தாண்டி வாஷிங்டன் மாநிலத்துப் பண்ணைகளில் இறங்கியது. வழக்கு நடுவர் மன்றம் வரை போய், 1941 இல்தான் இறுதித் தீர்ப்பு வந்தது. அங்கே நடந்த ஆய்வுகள் காலை நேரத்துப் புகையின் போக்கையும் விளக்கின. இரவில் உயரத்தில் தேங்கி நிற்கும் புகை, வெயில் ஏறி நிலம் சூடாகிக் காற்றுக் கலங்கும்போது பள்ளத்தாக்கு நெடுகிலும் ஒரே நேரத்தில் தரைக்கு வந்துவிடும். கந்தகவீரொட்சைட்டு பட்டதா என்பது இலையைப் பார்த்தாலே தெரியும்: நரம்புகள் பச்சையாகவே இருக்க, நடுவிலுள்ள பகுதி தந்த நிறமாக வெளுத்திருக்கும். அலுமினிய ஆலையின் புளோரைட்டு என்றால் நுனியும் ஓரமும் கருகும்.

வாயு காற்றோடு கலைந்துவிடும். உலைத் தூசியோடு வரும் ஈயமோ விழுந்த இடத்திலேயே கிடக்கும். சாம்பியாவின் கப்வே நகரில் ஈயச் சுரங்கமும் உருக்காலையும் 1994 இல் மூடப்பட்டன. இன்றும் அங்குள்ள பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் மிக அதிகம்.

எல்லோரும் அண்ணாந்து புகைபோக்கியைப் பார்க்கிறார்கள். தாழ்வான இடங்களையும் பார்க்கவேண்டும்: உலைக் கொட்டகையின் கூரைத் திறப்பு, மூடாத தாதுக் குவியல், லொறிச் சில்லு. தூசியைப் பிடிக்கும் துணிப்பை வடிகட்டி இருக்கிறது என்று ஆலைக்காரர் சொன்னால், எந்த வெப்பநிலையில் அதை ஓட்டுகிறார்கள் என்று கேட்கவேண்டும். வாயு மிகச் சூடாக இருந்தால் நச்சான ஆசனிக் ஒட்சைட்டு ஆவியாகவே துணிப்பையைக் கடந்துவிடும். மிகக் குளிர்ந்தால் அமிலம் பனித்துப் பையை அடைக்கும், கிழிக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஒடுக்கமானது. அந்த வெப்பநிலைப் பதிவேட்டைக் கேட்டுப் பெறுவது பாதி வேலை.

வீட்டில் செய்யக்கூடியவை உண்டு. தும்புத்தடியால் உலர்வாகக் கூட்டினால் தூசி எழும்பி மறுபடி படியும். ஈரத் துணியால் துடையுங்கள். சப்பாத்தை வாசலுக்கு வெளியே விடுங்கள். ஆலையில் வேலை செய்பவரின் உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு தோய்க்காதீர்கள். பிள்ளைகள் விளையாடும் வெறும் மண்ணைச் சுத்தமான மண்ணாலோ புல்லாலோ மூடுங்கள். கீரையும் கிழங்கும் நடுவதாயின் வெளி மண் நிரப்பிய உயர்ந்த பாத்தியில் நடுங்கள். இரும்புச்சத்தும் கல்சியமும் குறைந்த பிள்ளையின் குடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும், ஆகவே சாப்பாடும் மருந்துதான். ஆனால் தாய்மாரின் தலையில் முழுப் பொறுப்பையும் கட்டுவது அநியாயம். ட்ரெயிலில் நுண்ணிய தூசியையும் பிடிக்கும் வடிகட்டி பூட்டிய தூசியுறிஞ்சியால் வீடுகளைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து பார்த்தார்கள். பிள்ளைகளின் இரத்த ஈயத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் வரவில்லை. 1997 இல் புதிய ஈய உலை ஓடத் தொடங்கிய பிறகு அளவு விரைவாக இறங்கியது.

சோதனை பற்றியும் சொல்லவேண்டும். விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத்தில் தோலில் ஒட்டிய தூசியும் சேர்ந்து எண்ணைக் கூட்டிக் காட்டலாம். அதிகமாக வந்தால் நாளத்திலிருந்து எடுத்து உறுதிசெய்யவேண்டும். ஒரு டெசிலீற்றர் (100 மில்லிலீற்றர்) இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேலென்றால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடித் தடுக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்தத்திலுள்ள ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்பில் படிந்ததோ பல பத்தாண்டுகள் இருக்கும். கர்ப்ப காலத்தில் எலும்பு கல்சியத்தை விடும்போது ஈயமும் கூட வரும். ஆகவே உருக்காலை அருகில் வளர்ந்த பெண்பிள்ளை, ஊரை விட்டுப் போய் எத்தனை வருடமானாலும், கர்ப்பமானால் வைத்தியரிடம் அதைச் சொல்லி இரத்தத்தைச் சோதிக்கக் கேட்கவேண்டும்.