அம்மாவும் தண்ணியில இறங்கணும்

ஏப்ரல் 22, 2025, செவ்வாய்

சின்னவனுக்குப் போன வாரமே பரீட்சை முடிந்துவிட்டது. பெரியவளுக்கு வியாழனோடு முடிகிறது. இரண்டு பேருக்கும் வாயைத் திறந்தால் பிளாக் தண்டர் வாட்டர் பார்க்தான். ராத்திரி அண்ணனுக்குப் போன் போட்டுப் பேசினேன். அவர் வீடும் எங்கள் வீடும் சேர்ந்து, அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு, ஒரு வேன் பிடித்து மேட்டுப்பாளையம் போய்வரலாம் என்று முடிவாயிற்று.

பேச்சுவாக்கில் அண்ணன், "அம்மா எப்படியும் எறங்க மாட்டாங்க, பையெல்லாம் பாத்துக்க ஆளாச்சு" என்றார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, வழக்கத்தைத்தான் சொன்னார். கொடிவேரிக்குப் போனாலும் திருமூர்த்தி மலைக்குப் போனாலும் நாங்கள் தண்ணீரில் இருப்போம், அம்மா கரையில் இருப்பார். மடியில் எல்லோருடைய செல்போன், வாட்ச், துண்டு. அண்ணிக்கும் இப்போது அதே பழக்கம் வந்துகொண்டிருக்கிறது.

இந்த முறை அம்மா இறங்க வேண்டும். அதற்குத் தோதாகத்தான் தேதி, துணி, சாப்பாடு எல்லாவற்றையும் யோசிக்கப் போகிறேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

சாயந்திரம் கம்பெனியிலிருந்து நேராக அவிநாசிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போனேன். அம்மாவிடம் சொன்னதும் சிரித்தார். "எனக்கெதுக்கு அம்மிணி அதெல்லாம்? நீங்க எறங்குங்க, நான் பாத்துட்டு இருக்கறேன்."

"நீங்க நீச்சலே பழகலையாம்மா?" என்று கேட்டேன். எங்கள் தோட்டத்துக் கிணறு அந்தக் காலத்தில் நிறைந்து கிடக்கும் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

"உங்க மாமனுக ரெண்டு பேருக்கும் முதுகுல சொரைக்குடுக்கையக் கட்டி எங்கப்பா கெணத்துல தள்ளி உட்டாரு. ஒரே வாரத்துல பழகிட்டாங்க. பொட்டப்புள்ளைக்கு எதுக்குன்னு எங்களை உடலை. நானும் உங்க பெரியம்மாளும் மோட்டார் ரூம்புத் திண்டுல ஒக்காந்து அவிய துணியப் பாத்துட்டு இருப்போம்."

அப்போதே துணிக்குக் காவல்.

இப்போது அந்தக் கிணற்றில் தண்ணீர் இல்லை. போர்வெல் ஆயிரம் அடிக்குப் போய்விட்டது. நொய்யலில் குளித்த கதை அப்பாவோடு சரி. சாயக்கழிவு பிரச்சினையில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்ன ஊர் எங்கள் திருப்பூர். போன ஆகஸ்டில் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் தொடங்கியபின், 1,045 குளம் குட்டைகளில் ஒன்றாக எங்கள் ஊர்க் குட்டைக்கும் பவானித் தண்ணீர் வந்தது. அதைப் பார்க்கவே கண் நிறைகிறது. ஆனால் சேறும் ஆழமும் தெரியாத குட்டையில் பிள்ளைகளை இறக்க முடியாது. காசு கொடுத்துத் தண்ணீரில் விளையாடப் போவதை வீண் செலவு என்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். இந்த மண்ணில் பிள்ளைகள் தண்ணீரோடு பழக வேறு இடம் எங்கே இருக்கிறது?

கிளம்பும்போது அம்மா வாசல் வரை வந்து மெதுவாகக் கேட்டார். "சேலையோட எறங்க உடுவாங்களா?"

உண்மையான தடை அதுதான் என்று அப்போது புரிந்தது.

ஏப்ரல் 28, திங்கள்

சேலையோடு விட மாட்டார்கள். இந்த மாதிரிப் பார்க்குகளில் நைலான், பாலியஸ்டர் துணிக்குத்தான் அனுமதி. பனியன் கம்பெனியில் சாம்பிள் செக்ஷனில் இருக்கிற எனக்கு அதன் நியாயம் தெரியும். காட்டன் தண்ணீரைக் குடிக்கும், கனக்கும், உடம்பை இழுக்கும். அதிலிருந்து உதிர்கிற பஞ்சு ஃபில்டரில் போய் அடைக்கும். சாயம் இறங்கும். சறுக்கில் தொளதொள துணி எங்காவது மாட்டினால் ஆபத்து. உலோக பட்டன், ஜிப் இருந்தால் சறுக்கின் வழவழப்பையே கீறிவிடும்.

அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும் என்று அண்ணி சொன்னார். இத்தனை வருஷம் சேலை தவிர எதுவும் உடுத்தாத அறுபது வயதுக்காரிக்கு, யார் யாரோ போட்ட, அளவு சேராத உடுப்பைக் கையில் கொடுத்தால் அவர் எப்படி இறங்குவார்? திருப்பூரில் இருந்துகொண்டு அம்மாவுக்கு ஒரு செட் தைக்க முடியாதா?

மத்தியானம் காதர்பேட்டைக்குப் போய்க் கட்பீஸ் கடைகளில் தேடினேன். நைலான் லைக்ரா, கரும்பச்சை, ஓரளவு கனமான துணி கிடைத்தது. வெளிர் நிறம் நனைந்தால் உள்ளே தெரியும், அதனால் பார்த்ததுமே ஒதுக்கிவிட்டேன். கடையிலேயே வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து அழுத்தித் தேய்த்தேன். கைக்குட்டையில் ஒரு சொட்டுப் பச்சை இல்லை. இரண்டு பக்கமும் இழுத்துவிட்டேன், பழைய அளவுக்கே திரும்பிற்று. வாங்கிவிட்டேன்.

பிள்ளைகளுக்கு நியான் ஆரஞ்சு. நீல உடுப்பு வேண்டும் என்று சின்னவன் அழுதான், கொடுக்கவில்லை. நீல நிறக் குளத்தில் நீல உடுப்புப் பிள்ளை தண்ணீருக்குள் போனால் மேலிருந்து கண்ணுக்கே தெரியாது. ஆரஞ்சு தெரியும்.

மே 1, வியாழன்

தேதி குறித்தாயிற்று. மே 14, புதன்.

ஞாயிறு என்றால் ஊட்டிக்குப் போகிற வண்டிகள் மேட்டுப்பாளையத்திலேயே நெருக்கியடித்து நிற்கும். செவ்வாய், வெள்ளியில் வனபத்ரகாளியம்மன் கோயில் கூட்டமும் சேரும். அவிநாசித் தேரும் முடிந்திருக்க வேண்டும், தேருக்கு ஊரில் இல்லாமல் அப்பா எங்கும் வரமாட்டார். அண்ணியும் நானும் எங்கள் மாதக் கணக்கைப் பார்த்துக்கொண்டோம். பெண்கள் இருக்கிற வீட்டில் இதையும் பார்க்காமல் தண்ணீருக்குத் தேதி குறித்தால், கரையில் உட்காரும் ஆட்களைக் குறித்ததாகத்தான் ஆகும். இவருக்கும் அண்ணனுக்கும் அன்றைக்கு லீவு கிடைத்துவிட்டது.

இ-பாஸ் எடுக்க வேண்டுமா என்று இவர் கேட்டார். அது நீலகிரி மாவட்டத்துக்குள் போகிறவர்களுக்கு. பிளாக் தண்டர் மலையடிவாரத்தில், கோயம்புத்தூர் மாவட்டத்திலேயே இருக்கிறது.

மே 4, ஞாயிறு

இன்றைக்குக் கத்திரி ஆரம்பம். அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். திரும்பி வரும் வழியில் பவானி ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வரலாம் என்றார். நான் கட்டாயம் கூடாது என்றேன். பில்லூர் அணையில் மின்சாரம் எடுக்கத் தண்ணீர் திறந்துவிட்டால் மேட்டுப்பாளையத்தில் ஆறு திடீரென்று ஏறும். முழங்கால் தண்ணீரில் நின்றவர்கள் இழுத்துக்கொண்டு போகப்பட்ட செய்தி வராத வருஷம் இல்லை. மழையே இல்லாத நாளில்கூட ஏறும் என்பதுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதில்லை. நீச்சல் தெரியும் என்ற தைரியம் கிணற்றுக்குச் சரி, அந்த ஆற்றுக்கு உதவாது. அண்ணன் ஒத்துக்கொண்டார்.

அதோடு ஆளையும் பிரித்துக்கொண்டோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர். சின்னவனுக்கு இவர், பெரியவளுக்கு நான், அண்ணன் மகனுக்கு அண்ணன். எல்லோரும் பார்த்துக்கொள்வோம் என்றால் யாரும் பார்க்க மாட்டோம். நீச்சல் தெரியாத பிள்ளைக்குக் கண்ணுக்கெட்டும் தூரம் போதாது, கைக்கெட்டும் தூரத்தில் ஆள் இருக்க வேண்டும். மூழ்குகிற பிள்ளை கத்தாது, கையை ஆட்டாது. சத்தமில்லாமல் உள்ளே போகும். காற்றடைத்த கைப்பட்டையை நம்பக் கூடாது, லைஃப் ஜாக்கெட்தான். போட்டோ எடுக்கிறவர் அந்த நேரத்துக்குப் பொறுப்பை வாய்விட்டுச் சொல்லி இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுத்தான் போனைத் தொட வேண்டும்.

சின்னவனை நிலைப்படியில் நிறுத்தி அளந்தேன். 116 சென்டிமீட்டர். பெரிய சறுக்குகளுக்குப் பல பார்க்குகளில் 120 கேட்பார்கள். "இந்த வருஷம் உனக்குச் சின்னச் சறுக்குதான் சாமி" என்று இங்கேயே சொல்லிவிட்டேன். அங்கே வரிசையில் நின்றபிறகு திருப்பி அனுப்பினால் பிள்ளை உடைந்துபோவான்.

மே 6, செவ்வாய்

லஞ்ச் டைமில் சாம்பிள் டெய்லரக்கா தைத்துக் கொடுத்தார். முழங்காலுக்குக் கீழ் வரை மேல்சட்டை, முழுக்கை, கழுத்து ஏறி. கீழே கணுக்கால் வரை லெக்கிங்ஸ். மார்புக்கு உள்ளே இன்னொரு துணி வைத்து லைனிங். ஓவர்லாக் தையலில் நாலு நூல் போட்டு, ஓரமெல்லாம் தட்டையாகப் படிகிற பிளாட்லாக் தையல். ஊசி, முனை மழுங்கிய பால் பாயிண்ட்; சாதா ஊசி லைக்ரா இழையை அறுத்துவிடும். யாருக்கு என்று கேட்ட டெய்லரக்கா, அம்மாவுக்கு என்றதும் தையலை நிறுத்தி, "எங்கம்மாவுக்கும் ஒரு பேட்டர்ன் வெட்டி வெய்ங்க" என்றார்.

ராத்திரி அம்மாவுக்குப் போட்டுப் பார்த்தோம். கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது இரண்டு கையையும் மார்புக்கு முன்னால் சேர்த்துப் பிடித்திருந்தார், முந்தானையைத் தேடுகிற கை. அப்பா திண்ணையிலிருந்து திரும்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது. பையை நான் பாத்துக்கறேன், நீ போ" என்றார்.

அம்மா கையை இறக்கினார்.

மே 9, வெள்ளி

அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போய்க் கேட்டுவந்தேன். சர்க்கரையும் பிரஷரும் மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. ஆழமில்லாத தண்ணீர், அலைக்குளத்தின் ஓரம் எல்லாம் தாராளமாகப் போகலாம், சறுக்கு வேண்டாம், முழங்காலும் தாங்காது என்றார்.

அவர் சொன்னதில் நான் நினைத்தே பார்க்காத விஷயம் கால். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். கத்திரி வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நடந்தால் கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும், அது புண்ணாகி ஆறாமல் இழுக்கும். அம்மாவின் பாதத்தைப் புரட்டி விரல் இடுக்கு வரை பார்த்தார், வெடிப்பு எதுவும் இல்லை. தண்ணீரிலும் கழற்றாத, பிடிப்புள்ள ரப்பர் ஷூ வாங்கியாயிற்று. நேரத்துக்குச் சாப்பாடு. பையில் குளுக்கோஸ், நாலு மிட்டாய்.

மே 11, ஞாயிறு

தாலிக்கொடி. இதை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை, வாசலில் போய் நின்றபிறகுதான் நினைவுக்கு வரும். தண்ணீர் இழுப்பில் கொடி எதிலாவது மாட்டினால் கழுத்துக்கு ஆபத்து. தங்கத்தைக் குளோரின் ஒன்றும் செய்யாது என்றாலும், அதில் சேர்த்த செம்பையும் பற்றவைத்த இடத்தையும் நாளடைவில் அரிக்கும். கொடியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்து சட்டைக்குள் பின் போட்டுக்கொள்வது என்று அம்மாவே வழி சொன்னார். அண்ணியும் நானும் அப்படியே.

அன்றைக்குக் காலையில் யாரும் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். இறங்குமுன் எல்லோரும் ஷவரில் நன்றாகக் குளிக்க வேண்டும். கண்ணைக் கரிக்கிற அந்தக் குளத்து வாடை வெறும் குளோரின் வாடை அல்ல. குளோரின் நம் வியர்வையோடும் மூத்திரத்தோடும் சேர்ந்துதான் அந்த நெடி வருகிறது. வயிற்றுப்போக்கு இருந்த பிள்ளையை இரண்டு வாரத்துக்குத் தண்ணீரில் விடவே கூடாது. குளோரினுக்கு எளிதில் சாகாத கிருமியும் இருக்கிறது. நம் பிள்ளை குளிக்கிற தண்ணீரில்தான் அடுத்தவர் பிள்ளையும் குளிக்கிறது.

மே 13, செவ்வாய்

புளிச்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வேண்டாம் என்று விட்டாயிற்று, வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக முடியாது. காலை டிபன் மட்டும் இட்லி, பொடி. அன்னூர் தாண்டி நிழல் பார்த்து நிறுத்திச் சாப்பிட்டுக்கொள்வோம். வேன் ஏழரைக்கு.

மே 15, வியாழன்

நேற்று ராத்திரி எழுதத் தெம்பில்லை.

அம்மா அலைக்குளத்தின் ஓரத்தில் முதலில் குனிந்து, கையால் தண்ணீரை அள்ளி மூன்று தரம் தலையில் தெளித்துக்கொண்டார். ஆற்றில் இறங்குமுன் செய்வது, இங்கேயும் செய்தார். பிறகு என் கையைப் பிடித்தபடி சரிவில் உட்கார்ந்தார். தண்ணீர் இடுப்பு வரை. அலை வரப்போகிறது என்று அறிவித்ததும் என் மணிக்கட்டில் அவர் நகம் பதிந்தது. முதல் அலை மார்பு வரை ஏறி முகத்தில் அடித்தது. மூச்சைப் பிடித்து, கண்ணைத் துடைத்து, வாய்விட்டுச் சிரித்தார். அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"கடலு இல்லாம அலை எங்கிருந்து அம்மிணி வருது?"

அண்ணன் மகன் விளக்கினான். ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னால் அறைகள் இருக்கும், அதற்குள் இயந்திரம் விட்டு விட்டுக் காற்றை அடிக்கும், அது தண்ணீரைத் தள்ளும், தள்ளியது இங்கே அலையாக வரும். "அப்ப மூச்சு உடற மாதிரின்னு சொல்லு" என்றார் அம்மா. பேரனிடம் அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

மத்தியானம் சாப்பிட எழுப்பியதே பெரும்பாடு. பெரியவள் பாட்டியை விட்டு நகரவில்லை. அண்ணி எல்லாச் சறுக்கிலும் ஏறினார். அப்பா லாக்கர் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நிழலில் உட்கார்ந்து செருப்புகளுக்குக் காவல் இருந்தார். ஒரு தரம்கூட முகம் சுளிக்கவில்லை. அலைக்குளத்தில் கூட்டம் கூடியபோது மட்டும் எழுந்து வந்து, அம்மா எங்கே என்று பார்த்துவிட்டுப் போனார்.

வேனில் அம்மா அன்னூர் வரை தூங்கினார். விழித்ததும் கேட்டது இதுதான். "அந்தத் துணி மிச்சம் இருக்குதா? உங்க பெரியம்மாளுக்கும் ஒண்ணு தெச்சிரு. அவ என்னைய விடத் தடிமன், ரெண்டு சுத்து பெருசா வெட்டு."

பச்சை மிச்சமில்லை, சனிக்கிழமை காதர்பேட்டை போக வேண்டும். மேல்சட்டை தண்ணீரில் மிதந்து மேலே ஏறுகிறது, அம்மா அடிக்கடி இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தார். பெரியம்மாவின் பீஸில் பக்கவெட்டைக் குறைத்து, உள்பக்கம் இடுப்போடு ஒரு லூப் வைத்து லெக்கிங்ஸில் மாட்டுகிற மாதிரி டெய்லரக்காவிடம் சொல்ல வேண்டும்.