எழுதப்படாத வெப்பநிலை

ஆரம்ப சுகாதார நிலையத்தின் பொறுப்பை ஏற்று நான்கு ஆண்டுகள் ஆனபோது, மேலாளர்களுக்கான ஆறு மாதத் தலைமைப் பயிற்சிக்கு என்னையும் சேர்த்தார்கள். முதல் வேலை ஒரு வினாத்தாள். என்னைப் பற்றி நானே மதிப்பெண் இட வேண்டும். அதே கேள்விகளுக்கு என் மேலதிகாரியும், என் நிலையில் உள்ள சிலரும், என்னிடம் வேலை செய்கிறவர்களும் பெயர் குறிப்பிடாமல் பதில் தருவார்கள். ‘நெருக்கடியில் நிதானம் இழப்பதில்லை’ என்ற வரிக்கு 5-க்கு 5 போட்டுக்கொண்டேன். யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை என்பது என் பெருமை.

மூன்று வாரம் கழித்து வந்த அறிக்கையில், அதே வரிக்குப் பணியாளர்கள் தந்த சராசரி 2. கீழே ஒருவர் எழுதியிருந்தார்: “திட்டமாட்டார். பேச்சை நிறுத்திவிடுவார். அதற்குத் திட்டிவிட்டாலே தேவலை.”

அன்று இரவெல்லாம் அதை எழுதியது யார் என்பதிலேயே மனம் அலைந்தது. சொல்லாட்சியை வைத்து ஒவ்வொருவராகப் பொருத்திப் பார்த்தேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். மறுநாள் பயிற்றுநரிடம் சொன்னேன். “கண்டுபிடித்து என்ன செய்வீர்கள்?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பயிற்சியில் பேசப்பட்ட உணர்வுசார் நுண்ணறிவு என்றால் இனிமையாகப் பழகுவது என்றே அதுவரை நினைத்திருந்தேன். 1990-இல் உளவியலாளர்கள் பீட்டர் சலோவியும் ஜான் மேயரும் ஆய்வுலகில் அதை முன்வைத்தபோது ஒரு திறனாகவே பார்த்தார்கள். 1997-இல் அதை நான்கு கிளைகளாக வகுத்தார்கள்: உணர்வை இனங்காணுதல், சிந்தனைக்குத் துணையாகப் பயன்படுத்துதல், புரிந்துகொள்ளுதல், கையாளுதல். நான்காவதில் தேர்ந்தவள் என்று எண்ணியிருந்த நான் முதலாவதிலேயே தவறிக்கொண்டிருந்தேன். என் முகத்தை எல்லோரும் படித்தார்கள். நான் மட்டும் படிக்கவில்லை.

நாளுக்கு மூன்று முறை, அந்த நேரத்தில் என்ன உணர்கிறேன் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொன்னார்கள். முதல் வாரம் முழுக்க ‘கோபம்’, ‘கோபம்’ என்றே எழுதினேன். இன்னும் பொருத்தமான சொல்லைத் தேடுங்கள் என்றார் பயிற்றுநர். எரிச்சல், பதற்றம், ஆற்றாமை, அவமானம் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தபோது, கோபம் என்று எழுதிய இடங்களில் பாதிக்கு மேல் இருந்தது பயம். அறிக்கை பிந்துமோ, ஆய்வுக்கு வருகிறவர்கள் குறை சொல்வார்களோ என்ற பயம். அது என் முகத்தில் இறுக்கமாகத் தெரிந்திருக்கிறது. எதிரில் நின்றவர் அதைத் தன்மேல் உள்ள வெறுப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

மூன்றாம் மாதம் பணியாளர் ஒவ்வொருவருடனும் இருபது நிமிட உரையாடல். இடையில் மேசை கூடாது, நியாயம் சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம் என்பது விதி. தடுப்பூசிகளுக்குப் பொறுப்பான செவிலியர் மூன்றாவதாக வந்தார். வெகுநேரம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தவர், “மேடம், ஒன்று சொல்ல வேண்டும்” என்று தொடங்கினார்.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு காலையில் குளிர்பதனப் பெட்டியின் வெப்பமானி மைனஸ் 1 காட்டியிருக்கிறது. உறைந்தால் கெட்டுவிடக்கூடிய குப்பிகளை அவர் ஒதுக்கிவிட்டார்; உடைந்துபோனதாகக் கணக்குக் காட்டினார். பதிவேட்டில் 4 டிகிரி என்று எழுதினார்.

இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இதன் கனம் தெரியும். தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி போன்றவை உறைந்தால் வீரியம் இழக்கும். குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் நிறம் மாறும் அடையாளம் வெப்பம் பட்டதைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது. எங்கள் பெட்டியில் அதைக் கண்டுகொள்ள வெப்பமானியும் அதைப் பார்த்து உள்ளபடி எழுதும் ஒரு மனிதரும்தான் இருந்தார்கள். அந்த மனிதரை நான் பயமுறுத்தி வைத்திருந்தேன்.

எனக்கு வாய் அடைத்துப்போனது. அந்த மௌனம்தான் அவர் பயந்த மௌனம் என்பது சில நொடிகள் கழித்தே உறைத்தது. “நான் இப்போது பயந்துபோயிருக்கிறேன். உங்கள்மேல் கோபம் இல்லை. அன்று என்னிடம் வராமல் எது தடுத்தது?” என்று கேட்டேன்.

“அதற்கு முந்தின வாரம் அறிக்கை பிந்தியதற்கு இரண்டு நாள் நீங்கள் என் முகத்தையே பார்க்கவில்லை, மேடம்.”

அன்றே மேலதிகாரிக்குத் தெரிவித்தோம். இருவரும் கையொப்பமிட்டுப் பதிவைத் திருத்தினோம். ஒதுக்கிய குப்பிகளில் ஒன்றும் யாருக்கும் போடப்படவில்லை என்பதைப் பட்டியலோடு ஒப்பிட்டு உறுதிசெய்தோம். பழுதான வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியை மாற்றினோம். இரண்டு மாதம் அது பழுதாகவே ஓடியிருக்கிறது.

மருத்துவமனைப் பிரிவுகளில் நேரும் மருந்துப் பிழைகளைப் பற்றி நிர்வாகவியல் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1996-இல் வெளியிட்ட ஆய்வைப் பயிற்சியில் படித்தேன். நல்ல தலைமை இருந்த பிரிவுகளில்தான் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே பிழையைச் சொல்ல யாரும் அஞ்சவில்லை என்பதே அவர் தந்த விளக்கம். எங்கள் நிலையத்தின் பிழைப் பதிவேடு மூன்று ஆண்டுகளாக வெற்றுத்தாள். நிலையத்தை ஆய்வு செய்ய வந்தவர்களிடம் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவேன்.

இப்போது காலைக் கூட்டத்தில் “நேற்று எது தவறியது?” என்பதுதான் முதல் கேள்வி. முதல் இரண்டு வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. நான் எழுதிய ஒரு மருந்தின் அளவு தவறென்று மருந்தாளுநர் கண்டுபிடித்துத் திருத்தியதை நானே சொன்னேன். அடுத்த வாரம் ஆய்வக நுட்பநர் பேசினார்.

பயிற்சியால் எல்லாம் சரியாகிவிடவில்லை. காலியாக உள்ள பணியிடங்களை எந்தப் பயிற்சியும் நிரப்பாது. இரண்டு பேர் வேலையை ஒருவர்மேல் சுமத்திவிட்டு அவரிடம் நிதானத்தை மட்டும் எதிர்பார்ப்பது அநியாயம். இதை இறுதி அறிக்கையிலும் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டாம் சுற்று மதிப்பீட்டில் என் சராசரி 3. ஒருவர் மட்டும் 1 போட்டிருந்தார். இம்முறை யார் என்று தேடவில்லை. அடுத்த உரையாடல்கள் வரும் திங்கட்கிழமை தொடங்குகின்றன. நாற்காலிகளை மேசைக்கு இந்தப் பக்கமே போட்டு வைத்திருக்கிறேன்.