லகாவூலின் 12: டெக்கீலா பீப்பாய்க்கு எவ்வளவு கொடுக்கலாம்?

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். டியாஜியோ நிறுவனம் வருடாவருடம் இறக்கும் ஸ்பெஷல் ரிலீஸ் வரிசையில் 2023க்கு வந்தது இந்த லகாவூலின் 12, அதாவது பன்னிரண்டு வருடம் பீப்பாயில் கிடந்த ஸ்காட்ச் விஸ்கி. லண்டனில் நான் வழக்கமாகப் போகும் கடையில் வந்த புதிதில் 140 பவுண்ட் போட்டிருந்தார்கள். அதே அலமாரியில் லகாவூலின் 16 கிட்டத்தட்ட 80க்கு நின்றது. நாலு வயசு குறைந்த சரக்குக்கு 60 பவுண்ட் கூடுதலாக எதற்குக் கொடுக்க வேண்டும் என்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். லிமிடெட் எடிஷன் என்றால் நாலு நாளில் காலியாகிவிடும் என்றுதானே சொல்வார்கள், இது காலியாகவில்லை, அடுத்த வருடத்து எடிஷன் வந்த பிறகும் அங்கேயேதான் இருந்தது, கடைசியில் கடைக்காரரே 105க்கு இறக்கினார். அப்போது நானும் இரண்டு நண்பர்களும் பங்கு போட்டு வாங்கினோம், ஆளுக்கு 35. ஊரில் குவார்ட்டருக்குக் கட்டிங் ஆள் தேடுவார்கள், இங்கே 700 மில்லிக்குத் தேடினோம், அவ்வளவுதான்.

லகாவூலின் தெரியாதவர்களுக்கு: ஸ்காட்லாந்தின் மேற்கே ஐலா தீவு, அதன் தென்கரையில் 1816இலிருந்து நடக்கும் டிஸ்டில்லரி. லாஃப்ரோய்க் ஒரு பக்கம், ஆர்ட்பெக் இன்னொரு பக்கம், மூன்றுக்கும் கரையோரமாக நடந்தே போய்விடலாம். சதுப்பு நிலத்திலிருந்து வெட்டி எடுத்துக் காயவைத்த பீட் என்ற மக்கிய செடி மண்ணை எரித்து, அந்தப் புகையில் முளைகட்டிய பார்லியை, அதாவது மால்ட்டை, உலர்த்துவார்கள், புகை வாசம் வருவது அங்கிருந்துதான். லகாவூலினுக்குப் போகும் மால்ட்டில், புகை வாசம் தரும் ஃபீனால் அளவு சுமார் 35 பிபிஎம் (பத்து லட்சத்தில் 35 பங்கு) என்பார்கள். இது மால்ட்டில் இருக்கும் அளவு, கிளாஸில் இருப்பது இல்லை. காய்ச்சி வடிக்கும்போது நிறையவே போய்விடும், அதனால் பிபிஎம் எண்ணை மட்டும் பார்த்துப் பாட்டில் வாங்குவதில் பெரிய அர்த்தம் இல்லை.

இந்த எடிஷனில் புதுசு, பீப்பாய். வழக்கமாக வரும் 12, பலமுறை பயன்படுத்திய அமெரிக்க ஓக் பீப்பாயில் மட்டுமே கிடந்தது. சர்க்கரைச் சாயல் அதிகம் ஏறாமல் புகையும் உப்பும் நேராகத் தெரியும். 2023க்கு மட்டும் டான் ஹூலியோ அன்யேஹோ என்ற, ஊறவைத்த மெக்சிகோ டெக்கீலா இருந்த பீப்பாயில் கடைசியாகக் கொஞ்ச காலம் போட்டு எடுத்திருக்கிறார்கள். டெக்கீலா பீப்பாய்க்கு ஸ்காட்ச் விதிகளில் 2019இல்தான் வழி திறந்தது. டான் ஹூலியோவும் டியாஜியோ கம்பெனியே, ஆக பீப்பாய் வெளியிலிருந்து வாங்கியது இல்லை. இதைக் கணக்குப் பார்க்கும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, குடித்த கதைக்கு வருவோம். 56.4 சதவீதம் ஆல்கஹால், தண்ணீர் கலந்து குறைக்காமல் பீப்பாயில் இருந்த அளவு, கேஸ்க் ஸ்ட்ரெங்த் என்பது இதுதான். நிறம் வெளிறிய வைக்கோல். திறந்த அன்று ராவாக மோந்தபோது முதலில் ஸ்பிரிட் நெடிதான் அடித்தது, கிளாஸை மூடிக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தால் புகை, அதற்குள் ஒரு பச்சை வாசம், குடைமிளகாயை நறுக்கும்போது வருமே அது, கூடவே எலுமிச்சைத் தோல். கூட இருந்தவன் தூத்துக்குடிக்காரன், ஒரு தடவை மோந்துவிட்டு "மச்சான், இது மாசிக் கருவாடுடா" என்றான். அதற்கப்புறம் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. மாசியும் புகையில் வாட்டுவதுதான், உப்பும் இருக்கும், அவன் சொன்னது தப்பில்லை. வாயில் வைத்தால் ஆரம்பம் எதிர்பார்க்காத இனிப்பு, உடனே மிளகு, நாக்கின் இரண்டு ஓரமும் சுள்ளென்று எரிகிறது. விழுங்கிய பிறகு சாம்பலும் உப்பும் ரொம்ப நேரம் நிற்கின்றன, கடைசியில் எலுமிச்சைத் தோலின் கசப்பு. அன்றைக்கு எனக்கு இனிப்பும் புகையும் தனித்தனியாக நின்ற மாதிரிதான் இருந்தது.

தண்ணீர் விட்டதும் ஆளே மாறிவிட்டது. 25 மில்லிக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி விட்டால் 47 சதவீதத்துக்கு இறங்கும். லேசாக மங்கினால் பயப்பட வேண்டாம், கொழுப்பு சார்ந்த பொருட்கள் பிரிவதால் வருவது. புகை இன்னும் மேலே வந்தது. 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் கணினியில் மாதிரி ஓட்டிப் பார்த்தார்கள்: குவாயகால் என்ற, புகை வாசத்துக்குக் காரணமான மூலக்கூறு, ஆல்கஹால் ரொம்ப அதிகமாக இருந்தால் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது, தண்ணீர் சேர்த்தால் மேற்பரப்புக்கு ஏறி வருகிறது என்று. ராவாக அடிப்பதுதான் வீரம் என்று நினைப்பவர்கள் இந்தப் பாட்டிலில் பாதி வாசத்தை விட்டுவிடுவார்கள். இன்னொன்று, பாட்டில் தோள்பட்டைக்குக் கீழே இறங்கிய பிறகு அந்தக் குடைமிளகாய் வாசம் அடங்கி, இனிப்பும் புகையும் ஒட்டிப்போயின. திறந்த முதல் நாளே தீர்ப்பு எழுத வேண்டிய சரக்கு இல்லை இது.

அப்புறம் ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு சோதனை. ஒரே மாதிரி கிளென்கேர்ன் விஸ்கி கிளாஸ்கள், ஒன்றில் லகாவூலின் 8, ஒன்றில் 16, ஒன்றில் டீஸ்பூன் தண்ணீர் விட்ட இந்த 12. ஊற்றியவன் நண்பன், வரிசை எங்களுக்குத் தெரியாது. 16 சுலபம், உலர்ந்த பழச் சாயல் காட்டிக்கொடுத்துவிட்டது. 8க்கும் 12க்கும்தான் நின்று யோசித்தேன். 8 எப்போதும் 48 சதவீதம், ஸ்ட்ரெங்தும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது. 12 என்று நான் சரியாகச் சொன்னது அந்த முன்னினிப்பை வைத்துத்தான், புகையை வைத்து இல்லை. தூத்துக்குடிக்காரன் 8ஐத்தான் நல்லது என்று கை காட்டினான், பெயரைச் சொன்ன பிறகும் மாற்றவில்லை. இந்த 8 வந்ததே 2016இல், இருநூறாவது ஆண்டுக்கு லிமிடெட் எடிஷனாக. விற்றது, அதனால் நிரந்தரமாக வைத்துக்கொண்டார்கள். நான் பார்த்தபோது 55, 60 பவுண்டுக்குள் கிடைத்தது.

இனி காசு. 140 பவுண்டில் 20 சதவீத வாட் என்பது 23.33. மது வரி அப்போது ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 31.64 பவுண்ட், இந்தப் பாட்டிலுக்கு ஏறக்குறைய 12.50 வரும். இரண்டையும் கழித்தால் 104. இதே மாதிரி 43 சதவீதம் உள்ள 16இல் கழித்தால் 57 நிற்கிறது. கேஸ்க் ஸ்ட்ரெங்த் என்பதால் 12இல் ஆல்கஹால் 31 சதவீதம் கூட, அது நியாயம், 57ஐ அந்த விகிதத்தில் ஏற்றினால் 75. அப்போதும் 29 பவுண்ட் மிச்சம். வயசோ குறைவு. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகும் என்பார்கள், நாலு வருடம் முன்னாடியே எடுத்தால் அந்த நஷ்டமும் அவர்களுக்கு மிச்சம். ஆக அந்த 29, டெக்கீலா பீப்பாய்க்கும், படம் போட்ட அட்டைப் பெட்டிக்கும், "லிமிடெட்" என்ற பெயருக்கும். என் நாக்குக்குக் கிடைத்தது கொஞ்சம் முன்னினிப்பு.

105க்கு இந்தக் கணக்கு கிட்டத்தட்ட நேராகிவிடுகிறது. 25 மில்லி 3.75 பவுண்ட், பப்பில் சாதாரண மால்ட் விஸ்கியே இதைவிட அதிகம். 140 என்றால் 25 மில்லி 5 பவுண்ட், அந்த 140க்கு ஒரு 8 வாங்கி, மிச்சத்தில் இன்னொரு 8 வாங்கி, இன்னும் கையில் சில்லறை இருக்கும். பரிசு கொடுக்கப் பெட்டி முக்கியம் என்பவர்கள் வேறு கணக்கு போடலாம்.

என் பங்கில் கொஞ்சத்தைச் சின்ன சாம்பிள் பாட்டிலில் நிரப்பி மூடி வைத்திருக்கிறேன். தெரிந்த ஒருவரிடம் 2021 எடிஷன் திறந்த பாட்டில் இருக்கிறது, 56.5 சதவீதம், வெறும் அமெரிக்க ஓக், டெக்கீலா எதுவும் கிடையாது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் அந்தப் பீப்பாய் உண்மையில் என்ன சேர்த்தது என்பது தெரியும். அவர் ஊருக்குப் போயிருக்கிறார், வந்ததும் பார்க்கணும்.