என் கேமராவின் 17 நிமிடமும் மூன்று கோர்ட் நடையும்

கொலையை நான் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. அதனால்தான் மளிகைக் கடைக்காரனான என்னை மூன்று முறை கோர்ட்டுக்கு இழுத்தார்கள்.

2022-ல் நடந்த வழக்கு. இறந்தவரும் குற்றம் சாட்டப்பட்டவரும் கடைசியாகச் சேர்ந்து நின்றது என் கடை வாசலில்தான். இரண்டு சோடா வாங்கினார்கள், பிறகு ஒரே வண்டியில் கிளம்பினார்கள். போலீஸ் வந்து கடைக் கேமரா பதிவாகும் டிவிஆர் பெட்டியை எடுத்ததும், நான் மகஜரில், அதாவது பறிமுதல் பட்டியலில், கையெழுத்துப் போட்டதும் ஒரே மதியத்தில் முடிந்துவிட்டது.

சில நாள் கழித்து 65பி சான்றிதழ் (மின்னணுப் பதிவின் நகலுக்குச் சாட்சியச் சட்டப் பிரிவு 65பி கேட்ட உறுதிமொழி) என்று ஒரு டைப் அடித்த தாளை நீட்டி, "சும்மா போடுங்க அண்ணே" என்றார்கள். படித்துப் பார்த்தால் டிவிஆரின் சீரியல் நம்பரே தப்பு! திருத்திய பிறகுதான் போட்டேன். கோர்ட்டில் ஓடப்போவது பென்டிரைவ் நகல். நகலுக்கு இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. 2024 ஜூலை முதல் வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் ஹாஷ் மதிப்பும், அதாவது கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடும், கேட்கிறார்கள்.

முதல் நடை வீண். நீதிபதி விடுப்பு, அதைச் சொல்ல ஆளில்லை. மாலை நான்கு மணி வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் முறை கூண்டில் ஏறினேன். அரசு வழக்கறிஞர் கேட்டதெல்லாம் பத்து நிமிடம். அப்புறம் குறுக்கு விசாரணை.

"வீடியோவில் மணி என்ன?"

"8.59."

எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு பெட்ரோல் பங்க் ரசீதை எடுத்தார். 12 கிலோமீட்டர் தள்ளி, மணி 9.05. "ஆறு நிமிடத்தில் என் கட்சிக்காரர் பறந்தா போனார்?"

எனக்கு நா வறண்டுவிட்டது. பிறகுதான் உறைத்தது: என் கேமராக் கடிகாரம் முந்தி ஓடும். சொன்னேன்.

"இதைப் போலீஸ் விசாரணையில் சொன்னீர்களா?"

"யாரும் கேட்கவில்லை."

"சொல்லவில்லை. இன்றைக்குப் புதிதாகச் சேர்க்கிறீர்கள்."

அந்த ஒரு வரி அன்று முழுக்கக் குத்தியது. முதல் வாக்குமூலத்தில் இல்லாததைப் பிறகு சொன்னால் உண்மையே ஆனாலும் ஜோடனை மாதிரி தெரியும். போலீஸ் கேட்காவிட்டாலும் கடிகாரத் தவறை அன்றே எழுதச் சொல்லுங்கள்.

குறுக்கு விசாரணை முடிந்து அரசு வழக்கறிஞர் மறுபடி கேட்டபோது எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. சோடாவுக்கு 40 ரூபாயை அந்த இருவரில் ஒருவர் க்யூஆர் ஸ்கேன் செய்துதான் கொடுத்தார், வீடியோவிலேயே தெரியும். ஆப்பில் தேடினால் 8.42. ஆக, கேமரா 17 நிமிடம் முந்தியிருக்கிறது. பங்குக்குப் போக 23 நிமிடம் தாராளம். ஆனால் என் போன் திரை போதாது, வங்கிப் பதிவு வேண்டும் என்று தள்ளி வைத்தார்கள்.

வங்கியில் சீல் குத்திய ஸ்டேட்மென்ட் தந்தார்கள். தேதிதான் இருந்தது, நேரம் இல்லை. "மணியெல்லாம் வராது சார்" என்றார் கவுன்டரில் இருந்தவர், முகம்கூடத் தூக்காமல். மேலாளரைப் பிடித்து, பரிவர்த்தனைப் பதிவை நேரத்தோடு எடுத்து, 1891-ம் வருட வங்கிப் புத்தகச் சாட்சியச் சட்டப்படி சான்று வாங்க மூன்று வாரம். போகும்போதே ‘நேரத்தோடு, சான்றோடு’ என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாம் நடை ஐந்தே நிமிடம்.

40 ரூபாய் சோடாவுக்கு இவ்வளவு பாடா என்று அரசு வழக்கறிஞரிடம் புலம்பினேன். உச்ச நீதிமன்றத்தின் 1984 சார்தா தீர்ப்பைச் சொன்னார் அவர்: நேரில் பார்த்தவர் இல்லாமல் சந்தர்ப்ப சாட்சியம் மட்டுமே உள்ள வழக்கில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே நிரூபணமாக வேண்டும், சங்கிலி முழுதாக இருக்க வேண்டும், வேறு விளக்கத்துக்கு இடமே இருக்கக் கூடாது. என் 17 நிமிடம் அந்த வேறு விளக்கத்துக்குக் கதவு திறந்து வைத்திருந்தது.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. டிவிஆர் பெட்டியும் வரவில்லை. திருப்பிக் கேட்டு மனுப் போட்டிருக்கிறேன்.